கசிந்த குழாய்... காத்திருந்த 25 வருஷம்! சொட்டுநீர்ப் பாசனம் தந்த சிம்ஹா பிளாஸ் யார்?

தோட்டத்துல நீளநீளமா கறுப்பு குழாய் ஓடும். ஒவ்வொரு செடிக்குப் பக்கத்துலயும் சொட்டு சொட்டா தண்ணீர் விழும். மோட்டார் ரூம் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் டிரம். அதுல கரைச்ச உரம். வால்வை லேசா திருப்பினா போதும், டிரம்ல இருக்கிற உரம் தண்ணீரோட கலந்து, கடைசி வரிசையில இருக்கிற கடைசி செடியோட வேர் வரைக்கும் போயிடும். கூடை தூக்கி உரம் வீச வேண்டாம். மண்வெட்டி பிடிச்சு மடை மாத்த வேண்டாம்.

இன்னிக்கு தக்காளி, வாழை, கரும்பு, மல்லி என எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் பார்க்கக்கூடிய காட்சி இது. ஆனா, இந்தக் கறுப்பு குழாய்க்குள்ள இருக்கிற யோசனை ஒரு இன்ஜினியரோட தலையில கிட்டத்தட்ட 25 வருஷம் தூங்கிக்கிட்டு இருந்ததுன்னா நம்புவீங்களா? அதுவும், அவர் அதைத் தூசி தட்டி எடுத்ததே வேலையை விட்ட பிறகுதான்!

அவர் பெயர் சிம்ஹா பிளாஸ். யார் இவர்? ஒரு கசிந்த குழாய் அவர் வாழ்க்கையை எப்படி மாத்தியது? தண்ணீர் சொட்டிய குழாயில் உரம் எப்படி வந்து சேர்ந்தது? விரிவா பார்க்கலாம்.

யார் இந்த சிம்ஹா பிளாஸ்?

1897-ம் ஆண்டு நவம்பர் மாதம் வார்சா நகரில் பிறந்தவர் பிளாஸ். இன்றைக்கு போலந்தின் தலைநகரம். அன்றைக்கு ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்த ஊர். யூத சமயப் பற்று மிகுந்த குடும்பம். படித்தது பொறியியல். முதல் உலகப் போர் வந்து படிப்புக்கு நடுவில் குறுக்கிட்டது. பிறகு ஒருவழியாகப் படித்து முடித்தார்.

இளைஞராக இருந்தபோதே யூத இளைஞர் அமைப்புகளில் ஈடுபாடு. 1930-ல், அப்போது பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்த பாலஸ்தீனத்துக்குக் குடிபெயர்ந்தார். வயது 32.

அங்கே அவருக்குக் கிடைத்த வேலை தண்ணீர் தேடுவது. எங்கே கிணறு தோண்டலாம், எந்த ஊற்றிலிருந்து எந்த ஊருக்குக் குழாய் போடலாம், எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றலாம் என்று கணக்குப் போடுவதுதான் அன்றாடம். யோர்தான் பள்ளத்தாக்கில் குடியேற்றங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் திட்டங்களில் வேலை செய்தார். கொஞ்ச வருஷத்திலேயே, தண்ணீர் சம்பந்தமாக எது என்றாலும் பிளாஸைக் கேளுங்கள் என்கிற அளவுக்குப் பெயர் வந்துவிட்டது.

ஒரு மரம் மட்டும் ஏன் பெருசா இருக்கு?

1930-களின் தொடக்கம். ஒரு பண்ணைக்குப் போயிருந்தார் பிளாஸ். வேலி ஓரமாக வரிசையாக மரங்கள். எல்லாம் ஒரே வகை, ஒரே சமயத்தில் நட்டவை. ஆனா, அதில் ஒன்று மட்டும் மற்ற மரங்களைவிட நல்ல உயரமாக, தழைத்து நின்றது. யாரும் அதற்குத் தனியாகத் தண்ணீர் ஊற்றவில்லை.

வேற யாராவது இருந்தா, நல்ல ஜாதி மரம்னு சொல்லிட்டுப் போயிருப்பாங்க. பிளாஸ் விடவில்லை. மரத்தடியில் தேடினார். பக்கத்தில் ஓடிய தண்ணீர்க் குழாயின் இணைப்பு ஒன்றில் சின்னதாகக் கசிவு. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மேல்மண்ணில் ஈரம் ஒரு கையளவுகூட இல்லை. தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயமே தெரிந்தது. மேலே சின்ன ஈரப் புள்ளி. கீழே போகப் போக அது விரிந்து, ஒரு வெங்காயம் மாதிரி உருண்டையாகப் பரவியிருந்தது. மரத்தின் வேர்கள் அந்த ஈர வெங்காயத்துக்குள்ளேதான் குவிந்திருந்தன.

பிளாஸ் அங்கே புரிந்துகொண்டது இதுதான்: செடி குடிப்பது வேரால். அப்படின்னா நிலம் முழுவதையும் நனைக்க வேண்டிய அவசியம் என்ன? வேர் இருக்கிற இடத்தை மட்டும், மெதுவாக, தொடர்ந்து நனைத்தால் போதாதா?

கேட்க எளிமையான யோசனைதான். ஆனா அன்றைக்கு அதைச் செய்து காட்ட வழியில்லை. இரும்புக் குழாயை ஒவ்வொரு செடிப் பக்கமும் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது. சிறிய ஓட்டை போட்டால் துருவும் மண்ணும் அடைத்துக்கொள்ளும். மலிவான, வளையக்கூடிய, துருப்பிடிக்காத ஒரு குழாய் வேண்டும். அது அப்போது சந்தையில் இல்லை. யோசனையை மனசின் ஒரு மூலையில் போட்டுவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போனார் பிளாஸ்.

சொட்டுக்கு நேர் எதிர்: ராட்சதக் குழாய்கள்

அடுத்த 20 வருஷம் பிளாஸ் செய்த வேலை, இந்தச் சின்னச் சொட்டுக்கு நேர் எதிரானது.

1937-ல் மெகோரோட் என்ற தண்ணீர் நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னாளில் இஸ்ரேலின் பிரதமரான லெவி எஷ்கோல் அதன் முக்கிய நிறுவனர்களில் ஒருவர். அவருக்குத் துணை நின்ற இன்ஜினியர் பிளாஸ்.

1946 அக்டோபரில், தெற்கே நெகேவ் பாலைவனப் பகுதியில் ஒரே இரவில் 11 யூதக் குடியேற்றங்கள் அமைக்கப்பட்டன. குடியேறியாச்சு, தண்ணீர்? அந்தப் பகுதிக்குக் குழாய் போடும் திட்டத்தை வகுத்தவர் பிளாஸ். உலகப் போர் முடிந்த நேரம், புதுக் குழாய் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஜெர்மன் விமானங்கள் லண்டன்மேல் குண்டு போட்டபோது, தீயணைப்புக்காக அங்கே போட்டிருந்த குழாய்கள் போருக்குப் பிறகு உபரியாகக் கிடந்தன. அவற்றை வாங்கி வந்து, 1947-ல் நெகேவுக்குத் தண்ணீர் போனது.

இந்த 11 குடியேற்றங்களில் ஒன்றின் பெயர் ஹட்செரிம். இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

இஸ்ரேல் நாடு உருவான பிறகு, நாட்டின் நீர்த் திட்டமிடலில் முதல் வரிசையில் இருந்தவர் பிளாஸ். வடக்கே கிடைக்கும் தண்ணீரை வறண்ட தெற்கே கொண்டுபோவதுதான் பெரிய கனவு. ஆனா, இது வெறும் பொறியியல் விவகாரம் இல்லை. யோர்தான் நதி சிரியா, லெபனான், ஜோர்டான், இஸ்ரேல், பாலஸ்தீனர்கள் என எல்லோருக்கும் வாழ்வாதாரம். 1953-ல் யோர்தான் நீரைத் திருப்பும் வேலையை இஸ்ரேல் தொடங்கியதும் சிரியா ஐ.நா.வில் புகார் செய்தது. அமெரிக்கா உதவியை நிறுத்தி வைத்தது. வேலை நின்றது. அமெரிக்க அதிபரின் தூதராக எரிக் ஜான்ஸ்டன் வந்து நடத்திய நீர்ப் பங்கீட்டுப் பேச்சுகளில், இஸ்ரேல் தரப்பில் பிளாஸும் இருந்தார்.

58 வயசுல வந்த திருப்பம்

1956. தேசிய நீர்த் திட்டத்தை யார் பொறுப்பில், எப்படி நிறைவேற்றுவது என்பதில் கருத்து வேறுபாடு முற்றியது. பிளாஸ் பதவியை விட்டு விலகினார். அப்போது வயது 58.

யோசிச்சுப் பாருங்க. கால் நூற்றாண்டு காலம் ஒரு நாட்டின் தண்ணீரைக் கணக்குப் போட்டவர். அவர் வரைபடத்தில் கனவு கண்ட பெருங்குழாய்த் திட்டம் 1964-ல் கலிலேயக் கடலிலிருந்து தெற்கு நோக்கி ஓடத் தொடங்கியது. அப்போது அவர் அந்தப் பொறுப்பில் இல்லை.

அந்த வயசுல பலரும் ஓய்வூதியக் கணக்கு பார்ப்பாங்க. பிளாஸுக்கு ஞாபகம் வந்தது அந்தப் பழைய மரம்.

அதோடு, இந்த 25 வருஷத்தில் ஒரு புதுப் பொருளும் சந்தைக்கு வந்திருந்தது. பிளாஸ்டிக்! போருக்குப் பிறகு மலிவாகக் கிடைக்க ஆரம்பித்த பிளாஸ்டிக் குழாய் வளையும், துருப்பிடிக்காது, ஒரு ஆளே தோளில் சுமந்து வயல் முழுக்க விரிக்கலாம். யோசனை பொருளுக்காகக் காத்திருந்தது. இப்போது பொருள் வந்துவிட்டது. மகன் யெஷயாஹுவுடன் சேர்ந்து சோதனைகளில் இறங்கினார் பிளாஸ்.

சின்ன ஓட்டை இல்லை, நீளமான பாதை!

இங்கேதான் பிளாஸின் உண்மையான கண்டுபிடிப்பு இருக்கிறது. குழாயில் ஓட்டை போட்டுச் சொட்ட விடுவதை அவருக்கு முன்பே பலர் முயன்றிருக்கிறார்கள். 19-ம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் மண் குழாய்களைப் புதைத்து நிலத்தடிப் பாசனம் செய்து பார்த்தார்கள். பிரச்சினை எங்கே வந்தது?

குழாய்க்குள் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடுகிறது. மணிக்கு சில லிட்டர் மட்டும் சொட்ட வேண்டும் என்றால், ஓட்டை ஊசிமுனை அளவு இருக்க வேண்டும். ஊசிமுனை ஓட்டையை ஒரு மணல் துகள் அடைத்துவிடும். ஓட்டையைப் பெரிதாக்கினால் அடைக்காது, ஆனா தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அதோடு, வரிசையின் தொடக்கத்தில் இருக்கிற செடிக்கு நிறைய, கடைசிச் செடிக்கு ஒண்ணுமே இல்லை என்று ஆகிவிடும்.

பிளாஸ் வேறு விதமாக யோசித்தார். ஓட்டை ஓரளவு பெரிதாகவே இருக்கட்டும். ஆனா தண்ணீர் வெளியே வருவதற்கு முன் ஒரு நீளமான பாதையில் ஓடி வரட்டும். பாதையின் சுவரில் உரசி உரசி வேகம் குறையும். கடைசியில் சொட்டாக விழும்.

புரியலையா? பெரிய கோயில்ல தரிசன க்யூவை நினைச்சுக்கோங்க. வாசல் பெருசுதான். ஆனா கம்பித் தடுப்பு போட்டு, வளைச்சு வளைச்சு விடுவாங்க. வெளியே எவ்வளவு கூட்டம் முட்டினாலும், சன்னிதிக்கு முன்னாடி ஒருத்தர் ஒருத்தராத்தான் வருவாங்க. சொட்டுவானுக்குள் தண்ணீருக்கு நடப்பதும் இதுதான்.

முதலில் மெல்லிய நுண்குழாயைப் பெரிய குழாயின்மேல் சுருளாகச் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு, திருகாணியின் மரை மாதிரி சுருள் பள்ளம் கொண்ட சின்ன பிளாஸ்டிக் துண்டாக அது மாறியது. தந்தை, மகன் இருவர் பெயரிலும் 1969-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

நம்ப மறுத்த நிபுணர்கள்

கருவி தயார். ஆனா வாங்க ஆள் வேண்டுமே? நிலம் முழுக்கக் காய்ந்து கிடக்க, செடியடியில் மட்டும் கொஞ்சம் ஈரம் இருந்தால் பயிர் எப்படி வளரும் என்று வேளாண் நிபுணர்கள் பலரும் சந்தேகப்பட்டார்கள். குழாயை மண்ணுக்குள் புதைத்தபோது இன்னொரு தலைவலியும் வந்தது. தண்ணீரைத் தேடி வந்த வேர்களே சொட்டுவானுக்குள் நுழைந்து அடைத்துக்கொண்டன.

பிளாஸ் சளைக்கவில்லை. பழத்தோட்டங்களில் சோதனை தொடர்ந்தது. தொழிலாக எடுத்துச் செய்ய ஒரு கூட்டாளியைத் தேடினார். 1965-ல் ஒரு கிப்புட்ஸ், அதாவது நிலமும் உழைப்பும் பொதுவாக இருக்கும் கூட்டுக் குடியிருப்பு, அவரோடு ஒப்பந்தம் போட்டது. அதன் பெயர் என்ன தெரியுமா? ஹட்செரிம்!

ஆமாங்க, அதே ஹட்செரிம்தான். 1947-ல் லண்டன் தீயணைப்புக் குழாயில் நெகேவுக்குத் தண்ணீர் கொண்டுபோனாரே பிளாஸ், அந்த 11 ஊர்களில் ஒன்று. விவசாயத்தை மட்டும் நம்பி ஓட்ட முடியாமல், ஏதாவது ஒரு தொழிற்சாலை தொடங்கலாம் என்று அவர்களும் தேடிக்கொண்டிருந்தார்கள். 1966-ல் உற்பத்தி தொடங்கியது. நிறுவனத்தின் பெயர் நெட்டாஃபிம். ஹீப்ரு மொழியில் துளிகள் என்று பொருள்.

தண்ணீர் வந்தாச்சு... சாப்பாடு எங்கே?

சரி, இதுவரை வந்தது தண்ணீர். உரம் எப்படி உள்ளே வந்தது? இதைத் தெரிந்துகொள்ள அந்த ஈர வெங்காயத்துக்குத் திரும்பப் போகணும்.

1960-களில் அரவா என்ற கடும் பாலைவனப் பகுதியில், ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் டான் கோல்ட்பர்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் காய்கறிப் பயிர்களில் சொட்டுநீரைச் சோதித்தார்கள். மண் வெறும் மணல். தண்ணீரோ உப்பு. குழாயைப் புதைக்காமல் மண்ணின் மேலேயே போட்டார்கள். வேர் அடைப்புப் பிரச்சினை குறைந்தது. வழக்கமான பாசனத்தில் தாக்குப்பிடிக்க முடியாத இடத்தில் பயிர் நன்றாக வந்தது. இந்த முடிவுகள் 1970-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்து, உலகத்தின் கவனத்தைத் திருப்பின.

இப்படிப்பட்ட மணலில்தான் ஒரு உண்மை முகத்தில் அறைந்த மாதிரி தெரியும். சொட்டுநீர் போட்டால் வேர்கள் நிலமெங்கும் பரவாது. ஈரம் இருக்கிற அந்தச் சின்ன உருண்டைக்குள்ளேயே கூட்டமாக இருக்கும். அந்த உருண்டையில் இருக்கிற சத்து சீக்கிரமே தீர்ந்துவிடும். வழக்கம்போல உரத்தைக் கையால் வீசினால்? பெரும்பகுதி காய்ந்த மண்ணில் போய் விழும். காய்ந்த மண்ணில் உரம் கரையாது. கரையாத உரத்தை வேர் எடுக்காது. காசு போட்டு வாங்கின உரம் செடிக்கு ரெண்டு ஜாண் தள்ளி சும்மா கிடக்கும், செடி பட்டினி கிடக்கும்.

அதனால, சொட்டுநீர் என்று வந்துவிட்டால், சாப்பாடும் அதே குழாயில்தான் வந்தாகணும். இதைத்தான் நீர்வழி உரமிடல், உரப்பாசனம் என்கிறோம். பிளாஸ் தனியாக உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. பல ஆய்வாளர்களும் விவசாயிகளும் சேர்ந்து வளர்த்த முறை இது. ஆனா, அவருடைய சொட்டுவான் இல்லாமல் இது இந்த அளவுக்கு நடந்திருக்காது. ஆயிரம் செடிக்கும் ஒரே அளவு தண்ணீர் போனால்தானே, ஆயிரம் செடிக்கும் ஒரே அளவு உரம் போகும்?

ஒரு சின்ன கணக்கு

ஒரு தோட்டத்தில் 1,000 செடிகள். செடிக்கு ஒரு சொட்டுவான், மணிக்கு 4 லிட்டர். ஒரு மணி நேரத்தில் 4,000 லிட்டர் தண்ணீர் போகும். டிரம்மில் 5 கிலோ யூரியாவைக் கரைத்து விடுகிறோம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. அதாவது 2.3 கிலோ. ஆயிரம் செடிக்குப் பிரித்தால், ஒரு செடிக்கு 2.3 கிராம். ஒரு சிட்டிகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கையால் போட்டு இந்தக் கணக்கை யாராலும் கொண்டுவர முடியாது. அதைவிட முக்கியம், இதையே வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ கொடுக்கலாம். மாசத்துக்கு ஒரு நாள் கல்யாண விருந்து போட்டுட்டு மீதி நாள் பட்டினி போடுறதுக்கும், தினமும் அளவா மூணு வேளை சாப்பிடுறதுக்கும் இருக்கிற வித்தியாசம்தான் இது.

யூரியா தண்ணீரோடு சேர்ந்து நகரும் குணம் கொண்டது. வாய்க்கால் பாசனத்தில் தண்ணீர் தேங்கினால், வேருக்குக் கீழே இறங்கிப்போய் வீணாகும். நிலத்தடி நீரில் நைட்ரேட்டாகவும் சேரும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும்போது அந்த இழப்பு குறைகிறது.

டிரம்மில் இருந்து குழாய்க்கு உரம் எப்படிப் போகுது?

பரவலாக இருப்பது வெஞ்சுரி. நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கிய ஒரு குழாய். அகலமான இடத்திலிருந்து ஒடுங்கிய இடத்துக்கு வரும்போது தண்ணீரின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். அந்த இடத்தில் ஒரு சின்ன டியூப் வைத்தால், டிரம்மில் இருக்கும் உரக்கரைசலை அது தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். தனி மோட்டார் வேண்டாம். இத்தாலிய இயற்பியலாளர் ஜியோவானி பாட்டிஸ்டா வெஞ்சுரி பெயரால் வந்த கருவி இது. இது தவிர, உரத்தொட்டியும், உரத்தை அழுத்தி உள்ளே தள்ளும் பம்பும் உண்டு.

முறை ரொம்ப சிம்பிள். முதலில் கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர். மண் நனைந்ததும் உரம். கடைசியில் மறுபடி வெறும் தண்ணீர், குழாயைக் கழுவி விட. இந்தக் கடைசி வேலையை விட்டால், குழாய்க்குள் தங்கும் உரம் உப்பாகப் படியும், பாசி பிடிக்கும். பிளாஸ் கஷ்டப்பட்டுத் தவிர்த்த அதே அடைப்பு திரும்ப வரும்.

இன்னும் மூணு விஷயம் கவனத்தில் இருக்கணும்:

1. எல்லா உரமும் குழாய்க்கு ஆகாது. சூப்பர் பாஸ்பேட் முழுசா கரையாது, அதை அடியுரமாகத்தான் போடணும். குழாய் வழியாக மணிச்சத்து கொடுக்க மோனோ அம்மோனியம் பாஸ்பேட் போன்ற நீரில் கரையும் உரம் வேண்டும்.

2. கால்சியம் நைட்ரேட்டை பாஸ்பேட் உரத்தோடோ சல்பேட் உரத்தோடோ ஒரே டிரம்மில் கலக்கவே கூடாது. சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகத் திரிந்து சொட்டுவானை அடைத்துவிடும். வேற வேற நாளில் விடலாம்.

3. கரன்ட் போய் மோட்டார் நின்றால், உரத்தண்ணீர் பின்னோக்கி ஓடிக் கிணற்றில் கலக்கும் அபாயம் உண்டு. அதனால, தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு கண்டிப்பா வேணும். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தானே வீட்டிலும் குடிக்கிறோம்?

தமிழ்நாட்டுக்கு வந்த துளி

தமிழ்நாட்டில் இந்த முறையைப் பெரிய அளவில் செய்து காட்டியது, 2004-05-ல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தொடங்கிய துல்லியப் பண்ணையத் திட்டம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 3 ஆண்டுகளில் 400 ஹெக்டேரில், விவசாயிகளின் சொந்த நிலத்திலேயே இதை நடத்தியது. சொட்டுநீரும் நீர்வழி உரமும்தான் அதன் முதுகெலும்பு.

இன்று சொட்டுநீர் அமைக்க சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியமும், மற்றவர்களுக்கு 75 சதவீத மானியமும் தமிழ்நாட்டில் வழங்கப்படுகிறது. குழாய் வந்துவிடுகிறது. ஆனா வெஞ்சுரியைப் பயன்படுத்தாமல், உரத்தை மட்டும் பழைய மாதிரி கையால் வீசினால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே பார்த்தோம். நீரில் கரையும் உரங்களின் விலை அதிகம் என்பது உண்மையான சிக்கல். ஆனா யூரியாவும், வெள்ளை பொட்டாஷும் தண்ணீரில் கரையக்கூடியவைதான். அவற்றை வடிகட்டிக் குழாயில் விடுவதிலிருந்தே தொடங்கலாம்.

எல்லாம் சரியா போச்சா?

சொட்டுநீர் வந்தாலே தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. மிச்சமான தண்ணீரில் இன்னும் ரெண்டு ஏக்கர் கூடுதலாகப் பயிர் வைத்தால், நிலத்தடி நீர்மட்டம் ஏறாது. யோர்தான் நதி விஷயத்திலும் அப்படித்தான். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும் வழியைத் தொழில்நுட்பம் சொல்லும். அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. அந்தச் சண்டையின் நடுவிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவர் பிளாஸ். 1973-ல் ஹீப்ருவில் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் பேச்சும் அந்த நீர்ச் சண்டைகளும், அதற்கு நடுவே நடந்த வேலைகளும்தான்.

பெருமை முழுவதும் அவர் ஒருவருக்கே போக வேண்டியதும் இல்லை. செடிக்குக் குறைந்த அளவில், அடிக்கடி தண்ணீர் கொடுக்கும் முறைக்கு மண்ணியல் அடிப்படை தந்த டேனியல் ஹில்லலுக்கு 2012-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. ஆனா சந்தைக்கு வந்த முதல் உருப்படியான சொட்டுவான் எது என்று கேட்டால், எல்லோர் கையும் பிளாஸ் பக்கம்தான் நீளும்.

1982 ஜூலையில், 84 வயதில் காலமானார் சிம்ஹா பிளாஸ். ஒப்பந்தம் போட்ட கிப்புட்ஸின் குழாய்கள் அதற்குள் பல நாடுகளின் வயல்களுக்குப் போயிருந்தன.

ராட்சதக் குழாய்களைக் கட்டியவராக அவரை இன்று யாரும் பெரிசா ஞாபகம் வைத்திருக்கவில்லை. பதவி போன பிறகு, மகனோடு உட்கார்ந்து செய்த விரலளவு பிளாஸ்டிக் துண்டுதான் அவர் பெயரைச் சொல்கிறது.

அடுத்த முறை தோட்டத்துப் பக்கம் போனா, கறுப்பு குழாய் சொட்டுற இடத்துல ஒரு பிடி மண்ணைத் தோண்டிப் பாருங்க. மேல சின்ன ஈரம். கீழ ஒரு வெங்காயம் அளவுக்கு விரிஞ்ச ஈரம், அதுக்குள்ள வெள்ளை வேர்க் கூட்டம். 1930-கள்ல அந்த வேலியோரத்துல பிளாஸ் பார்த்தது இதைத்தான்.